வரிசையில் நிற்கும் பாக்கெட்டுகள்

இணைய இணைப்பின் வேகமும் தாமதமும் ஒன்றல்ல. ஒரு வினாடியில் எவ்வளவு தரவு வந்துசேர்கிறது என்பது வேகம். தரவின் சிறு துண்டான ஒரு பாக்கெட் போய், அதற்குப் பதில் திரும்பிவர ஆகும் நேரம் தாமதம். 100 எம்பிபிஎஸ் பிளான் போட்ட வீட்டிலும் வீடியோ காலில் குரல் விட்டுவிட்டுக் கேட்பதுண்டு. அங்கே வேகத்துக்குக் குறைவில்லை, தாமதம்தான் ஏறியிருக்கிறது. அதில் கணிசமான பங்கு வீட்டு ரவுட்டருக்குள்ளேயே உருவாகிறது.

வைஃபை வழியே ரவுட்டருக்குள் பாக்கெட்டுகள் வேகமாக நுழைகின்றன. வெளியேறும் வழியோ, குறிப்பாக அப்லோடு பக்கம், பல வீடுகளில் குறுகல். உடனே போக முடியாதவை பஃபர் என்னும் நினைவகத்தில் வரிசையில் நிற்கும். மெமரி விலை இறங்க இறங்க, எந்தப் பாக்கெட்டும் தொலையக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் தயாரிப்பாளர்கள் பஃபரைப் பெரிதாக்கிக்கொண்டே போனார்கள். அதுவே வினையானது. தரவை அனுப்பும் வழக்கமான டிசிபி முறை, பாக்கெட் தொலைந்தால்தான் நெரிசல் என்று உணர்ந்து வேகத்தைக் குறைக்கும். பெரிய பஃபரில் நெடுநேரம் எதுவும் தொலையாது. ஆகவே கணினி மேலும் மேலும் அனுப்பும், வரிசை நீளும். 1 எம்பிபிஎஸ் அப்லோடு இணைப்பில் 256 கேபி பஃபர் நிரம்பிவிட்டால், கடைசியில் நிற்கும் பாக்கெட் ஏறக்குறைய 2 வினாடி காத்திருக்க வேண்டும். அது அவசரமாகப் பேசும் ஒருவரின் குரலாக இருந்தாலும் விதிவிலக்கு இல்லை.

எக்ஸ் விண்டோ சிஸ்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜிம் கெட்டிஸ், தம் வீட்டிலிருந்து பெரிய கோப்புகளை அனுப்பியபோது தாமதம் 1 வினாடியைத் தாண்டுவதைக் கண்டு காரணம் தேடினார். 2010இல் இந்தக் கோளாறுக்கு ‘பஃபர்புளோட்’ என்று பெயரிட்டார். 2012இல் கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் ‘கோடெல்’ முறையை வெளியிட்டார்கள். வரிசையின் நீளத்தை அது பார்ப்பதில்லை. பாக்கெட் காத்திருக்கும் நேரத்தைப் பார்க்கிறது. 100 மில்லிவினாடி முழுக்கக் காத்திருப்பு 5 மில்லிவினாடிக்குக் கீழே இறங்காவிட்டால், பாக்கெட்டுகளைத் தானே கைவிடத் தொடங்கும். அந்த இழப்பே டிசிபிக்கு எச்சரிக்கை. இதை ஒட்டி எரிக் டூமாசே எழுதிய ‘எஃப்க்யூ-கோடெல்’, ஒவ்வொரு தரவோட்டத்துக்கும் தனி வரிசை தருகிறது. கோப்பு அப்லோடுக்குப் பின்னால் குரல் சிக்கிக்கொள்வதில்லை. அதே ஆண்டில் அது லினக்ஸில் இடம்பிடித்தது.

எல்லாப் பழியும் பஃபர் மேல் அல்ல. சுவர்கள், தூரம், பக்கத்து வீட்டு வைஃபையின் குறுக்கீடு ஆகியவையும் தாமதத்தைக் கூட்டும். பஃபர்தான் காரணமா என்பதை எளிதில் கண்டுபிடிக்கலாம். ரவுட்டருடன் கேபிளில் இணைத்த கணினியில், இணைப்பு சும்மா இருக்கும்போது ஒரு முறையும் பெரிய கோப்பு அப்லோடு ஆகும்போது மறுமுறையும் பிங், அதாவது பதில் திரும்பிவரும் நேரம், பார்த்தால் போதும். 20 மில்லிவினாடி பல நூறாக ஏறினால் பஃபர்புளோட் இருக்கிறது. சில ரவுட்டர்களிலும் ஓப்பன்டபிள்யூஆர்டி மென்பொருளிலும் கிடைக்கும், இப்படி வரிசையை நிர்வகிக்கும் எஸ்க்யூஎம் வசதியில், வேக வரம்பை உண்மை வேகத்தின் 90 சதவீத அளவில் வைத்தால் வரிசை ரவுட்டரின் கட்டுப்பாட்டுக்குள் வரும். வேகத்தில் கொஞ்சம் போனாலும் தாமதம் வெகுவாகக் குறையும். புது ரவுட்டர் வாங்குவோர் ஆன்டெனாக்களை எண்ணுவதற்கு முன், இந்த வசதி உண்டா என்று கேட்க வேண்டும்.