திசை மாறிய காந்தம்

சிபா, யோரோ ஆற்றங்கரை

இந்தச் செங்குத்துச் சரிவு ஒரு காலத்தில் கடலடிச் சேறு. இடையே மெல்லிய கோடாக ஓடும் எரிமலைச் சாம்பலைத் தேடிப் பாருங்கள். கண் பழகச் சற்று நேரமாகும். அதற்குச் சற்று மேலே, பூமியின் காந்தமுனைகள் கடைசியாக இடம் மாறிய காலம் பதிந்திருக்கிறது: சுமார் 7.7 லட்சம் ஆண்டுகளுக்கு முன்.

அப்போது காந்தப்புலம் மிகவும் நலிந்தது. ஆனால் அரண் முற்றிலும் இடிந்துவிடவில்லை. இன்று சூரியக் காற்று, பகல் பக்கத்தில் ஏறத்தாழ 60,000 கி.மீ. தொலைவிலேயே தடுக்கப்படுகிறது. புலம் பத்தில் ஒன்றாகக் குறைந்தாலும் அந்த எல்லை ஏறக்குறைய பாதித் தொலைவுக்குத்தான் பின்வாங்கும். பூமியை நெருங்க நெருங்கக் காந்தம் வெகு வேகமாக வலுப்பதே காரணம். காந்தமே இல்லாவிட்டாலும், மேல் வளிமண்டலத்தின் மின்னூட்டத் துகள்களில் சூரியக் காற்றே ஒரு தடுப்பைத் தூண்டிவிடும். வெள்ளிக் கோளில் இன்றும் நடப்பது இதுதான். அதற்கும் கீழே, 10 மீட்டர் தண்ணீருக்கு நிகரான எடையுள்ள காற்றுப் போர்வை.

அண்டக் கதிர்கள் மட்டும் கூடுதலாக நுழைந்தன. அவை காற்றில் மோதி உருவாக்கிய பெரிலியம்-10, இந்த அடுக்குகளில் வழக்கத்தைவிட அதிகம்.