சீந்தில்: அமுதத்துக்கும் அளவு உண்டு

நோய் எதிர்ப்புச் சக்திக்காகக் கோடிக்கணக்கானோர் குடித்த கொடி, சிலருடைய ஈரலைப் பதம் பார்த்தது ஏன்?

வேப்ப மரத்தில் படரும் சீந்தில் கொடியை அறுத்துவிட்டாலும் அது சாவதில்லை. அந்தரத்தில் தொங்கும் தண்டிலிருந்து நூல் போன்ற விழுதுகளைத் தரைக்கு இறக்கி மறுபடியும் பிழைத்துக்கொள்ளும். அமிர்தவல்லி என்ற பெயர் அதற்குப் பொருத்தமானதுதான். வடமொழியில் குடூசி, கன்னடத்தில் அமிர்தபள்ளி. தில்லி, மும்பைக் கடைகளில் கேட்க வேண்டிய பெயர் கிலோய்.

காய்ச்சலுக்கும் நீரிழிவுக்கும் சித்த, ஆயுர்வேத வைத்தியர்கள் நெடுங்காலமாகக் கொடுத்து வரும் மூலிகை இது. தண்டை இடித்து நீரில் கரைத்து, தெளியவைத்து எடுக்கும் வெண்ணிற மாவுக்குச் சீந்தில் சர்க்கரை என்று பெயர். கபசுரக் குடிநீரின் 15 சரக்குகளில் சீந்தில் தண்டும் ஒன்று. 2020 அக்டோபரில் மத்திய ஆயுஷ் அமைச்சகம் வெளியிட்ட கொரோனா சிகிச்சை நெறிமுறையிலும் குடூசி இடம்பெற்றது. அதற்குள் வைத்தியரைக் கேட்காமலே வீட்டுக்கு வீடு கஷாயம் கொதிக்கத் தொடங்கியிருந்தது.

அந்த ஆண்டு செப்டம்பருக்கும் டிசம்பருக்கும் இடையே மும்பை மருத்துவர்களிடம் மஞ்சள் காமாலையுடன் ஆறு பேர் வந்தார்கள். ஆறு பேருமே சீந்தில் சாப்பிட்டிருந்தார்கள். இந்த விவரம் 2021இல் மருத்துவ இதழில் வெளியானதும் ஆயுஷ் அமைச்சகம் ஆட்சேபித்தது. நோயாளிகள் சாப்பிட்டது அசல் சீந்தில்தானா, அதே இனத்தைச் சேர்ந்த வேறு கொடியா என்று உறுதி செய்யவில்லை என்பது அதன் வாதம். ஆனால் 2022இல் நாடு முழுவதும் 13 மையங்களிலிருந்து 43 நோயாளிகளின் விவரங்கள் வெளிவந்தன. சாப்பிடத் தொடங்கி ஏறத்தாழ ஒன்றரை மாதத்தில் பலருக்கு அறிகுறிகள் தோன்றியிருந்தன.

ஈரல் மருத்துவர்கள் தரும் விளக்கம் இது: எதிர்ப்புச் சக்தியைத் தூண்டுவதுதான் சீந்திலின் பெருமை. சிலருடைய உடலில் அந்தச் சக்தி தன் சொந்த ஈரலையே பகையாகக் கருதும் குணம் உறங்கிக் கிடக்கிறது. தூண்டுதல் கிடைத்ததும் அது விழித்துக்கொள்கிறது. கொடியை நிறுத்தியதும் பெரும்பாலானோர் தேறினார்கள்; சிலருக்கு ஸ்டீராய்டு தேவைப்பட்டது.

லட்சக்கணக்கானோர் எந்தத் தொல்லையும் இன்றிக் குடித்தார்கள் என்பதும் உண்மைதான். ஆகவே அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் அலட்சியமும் கூடாது. ஈரல் நோய், தைராய்டு, முடக்குவாதம் போன்ற தன்னெதிர்ப்பு நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுபவர்களுக்குச் சீந்திலும் சேர்ந்தால் சர்க்கரை அளவு மிகவும் இறங்கிவிடலாம். கர்ப்பிணிகள் தவிர்ப்பதே நல்லது.

கொடியைப் பறிப்பவர்களுக்கு ஓர் அடையாளம்: அசல் சீந்திலின் தண்டு பச்சை நிறம், அறுத்தால் பால் வடியாது. தண்டு முழுக்கக் கொப்புளம் போன்ற முண்டுகளும் பால் கசிவும் இருந்தால் அது வேறு கொடி.

எந்தக் கஷாயத்தையும் மாதக்கணக்கில் நீங்களாகவே குடிக்காதீர்கள். குடிக்கும் நாட்களில் பசியின்மை, உடல் சோர்வு, அரிப்பு, சிறுநீர் அடர் மஞ்சளாதல் ஆகியவை தோன்றினால் அன்றே நிறுத்திவிட்டு, ஈரல் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கஷாயம் குடித்ததை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். சிகிச்சை அந்தப் பதிலிலிருந்துதான் தொடங்கும்.