வளையத்துக்குள் ஒரு பாலைவனம்

ரோஜாவும் கிளியும் தைத்துத் தைத்து அலுத்துப் போன சகோதரிகளுக்கு ஒரு புது யோசனை. இந்தத் தடவை உங்கள் எம்பிராய்டரி வளையத்துக்குள் ஒரு பாலைவனத்தைக் கொண்டு வந்து பாருங்களேன்! "வெறும் மணல்தானே, அதில் தைப்பதற்கு என்ன இருக்கிறது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் ஊசியைக் கையில் எடுத்த பிறகுதான் விளங்கும்.

முதலில், எந்தப் பாலைவனம் என்று தீர்மானித்துக் கொள்ளுங்கள். இரண்டு கைகளையும் தூக்கி நிற்கும் பெரிய கள்ளியையும், இரட்டைத் திமில் ஒட்டகத்தையும் ஒரே படத்தில் பலர் போட்டு விடுகிறார்கள். அந்தக் கள்ளி அமெரிக்காவின் அரிஸோனாவிலும் மெக்ஸிகோவிலும் வளர்வது. அந்த ஒட்டகமோ மத்திய ஆசியாவின் குளிர்ப் பாலைவனங்களுக்குச் சொந்தம். இரண்டும் ஒன்றையொன்று ஜன்மத்தில் பார்த்திருக்க நியாயமில்லை!

நம் படத்துக்கு நம் நாட்டுத் தார்ப் பாலைவனமே போதும். சுமார் 2 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அதன் பெரும்பகுதி ராஜஸ்தானில் இருக்கிறது. ஜெய்சால்மர் நகரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் போனால் 'சம்' என்ற இடத்தில் மணல் மேடுகள் அலை அலையாகக் கிடக்கும். அங்கே சூரியன் மறையும் காட்சியைத்தான் தைக்கப் போகிறோம்.

தேவையான சாமான்கள் அதிகமில்லை. 8 அங்குல மர வளையம், சந்தன நிறக் கேஸ்மெண்ட் துணி, 7 அல்லது 8 ஆம் எண் ஊசி, ஆறு இழை எம்பிராய்டரி நூலில் ஐந்தாறு நிறங்கள். கடுகு மஞ்சள், காவி, வெளிர் காவி, மங்கிய ஊதா, சாம்பல் பச்சை, மரப் பழுப்பு ஆகியவை இருந்தால் போதும். உள்வளையத்தில் பருத்தி நாடாவைச் சுற்றிக் கொண்டால் துணி நழுவாது. துணியை மத்தளத் தோல் மாதிரி விறைப்பாக இழுத்துப் பூட்டுங்கள். அன்றைய வேலை முடிந்ததும் வளையத்தைக் கழற்றி வைப்பது நல்லது. அப்படியே விட்டால் துணியில் தழும்பு விழுந்துவிடும்.

இனி மணல் மேடு. அதை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சரிகிற கோபுரம் போல வரைந்து விடாதீர்கள். காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறதோ அந்தப் பக்கம் மேடு மெதுவாக ஏறும். மறு பக்கம் மணல் சரிந்து செங்குத்தாக இறங்கும். தார்ப் பாலைவனத்தில் கோடையில் பலமாக வீசுவது தென்மேற்குக் காற்று. சூரியன் மறைவதைப் பார்க்கிற நீங்கள் மேற்கு முகமாக நிற்கிறீர்கள் அல்லவா? தெற்கு உங்கள் இடது கைப் பக்கம். ஆகையால் படத்தில் இடது பக்கம் சாய்வாக ஏறட்டும். வலது பக்கம் சட்டென்று இறங்கட்டும். வெயில் படாத அந்த வலது பக்கத்துக்குத்தான் மங்கிய ஊதா நிறம்.

மேட்டின் உச்சிக் கோட்டை இரண்டு இழையில் காம்புத் தையலால் ஒரே ஓட்டமாகப் போடுங்கள். சரிவுகளுக்கு ஓட்டுத் தையல் போதும். ஆனால் தையல்கள் குறுக்கே போகாமல், மணல் சரிகிற திசையிலேயே செல்ல வேண்டும். அருகிலுள்ள மேட்டுக்கு இரண்டு இழை, அழுத்தமான காவி. தொலைவிலுள்ள மேட்டுக்கு ஒரே இழை, வெளிர் நிறம். தூரம் தானாகவே வந்துவிடும்.

வானத்தை என்ன செய்வது? ஒன்றும் செய்யாதீர்கள்! பூ வேலையில் பழகிய கைக்கு வெறுந்துணியைக் கண்டால் பொறுக்காது; அங்கே ஒரு மேகம், இங்கே நாலு பறவைகள் என்று ஊசி ஓடத் தொடங்கும். ஜெய்சால்மர்ப் பக்கத்தில் வருஷம் முழுவதும் பெய்கிற மழையே மிகவும் குறைவு. அந்த ஊர் வானத்தில் மேகக் கூட்டத்தைத் தைத்தால் பாலைவனம் எப்படிப் பாலைவனமாக இருக்கும்? சூரியனை மட்டும் சாட்டின் தையலில் பாதி வட்டமாக வைத்துவிட்டு, மிச்சத் துணியை அப்படியே விடுங்கள்.

பாலைவனத்துப் பெண்களே மகா கைகாரிகள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1971 யுத்தத்தை ஒட்டி, சிந்து மாகாணத்தின் தார்ப்பார்க்கர் பகுதியிலிருந்து பல குடும்பங்கள் குஜராத்தின் கட்ச் பிரதேசத்துக்கு வந்து குடியேறின. அந்தப் பெண்கள் கூடவே கொண்டு வந்த வேலைகளில் ஒன்று 'சூஃப்'. அதில் துணி மேல் கோடு போடுவது கிடையாது. இழைகளை எண்ணிக் கொண்டு, துணியின் பின்பக்கத்திலிருந்தே தைப்பார்கள். முக்கோணம் முக்கோணமாக முன்பக்கத்தில் கோலம் எழும்பும். இந்தப் பிரதேசத்து வேலைப்பாடுகளில் அதிகம் தென்படுவது மணல் அல்ல. மயிலும் பூவும் மரமும்தான். மணல் நடுவே உயிரோடிருப்பது எதுவோ, அதன் மேல்தான் அவர்கள் கண் நிற்கிறது. நாமும் நம் படத்தில் உயிருள்ள ஒன்றை வைப்போம். ஒன்றே ஒன்று: ஒரு மரம்.

அந்த மரத்துக்கு அங்கே 'கேஜ்ரி' என்று பெயர். கேட்கப் புதிதாக இருக்கும். ஆனால் மரம் உங்களுக்குப் பழக்கமானதுதான். நம் ஊர் வன்னி மரம் அதுவே! பாண்டவர்கள் ஆயுதங்களை ஒளித்து வைத்த மரம். விருத்தாசலம் கோயிலின் தல விருட்சம். ராஜஸ்தானின் மாநில மரமும் அதுவே. மற்றச் செடிகள் வாடுகிற கோடையில் அது புது இலை விடுகிறது. வேர் வெகு ஆழம் போய்த் தண்ணீரைத் தேடிக் கொள்கிறது. தழை ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும்; காய் மனிதர் சமையலுக்கு. நிழலடியில் கம்புப் பயிரும் நன்றாக வரும்.

1730 ஆம் ஆண்டில் ஜோத்பூர் மகாராஜாவின் ஆட்கள் இந்த மரங்களை வெட்டுவதற்காகக் கேஜர்லி என்ற கிராமத்துக்கு வந்தார்கள். மரம் வெட்டுவதைப் பாவமாகக் கருதும் பிஷ்னோய் வகுப்பினர் வாழும் கிராமம் அது. அம்ருதா தேவி என்ற பெண்மணி முதலில் ஒரு மரத்தைக் கட்டிக் கொண்டு உயிரை விட்டாள். அவளுடைய மூன்று பெண்களும் அப்படியே செய்தார்கள். அன்று மாண்டவர்கள் மொத்தம் 363 பேர் என்கிறார்கள். அதன் பிறகே வெட்டுவதை நிறுத்தும்படி மகாராஜா உத்தரவிட்டார்.

கதை அதோடு முடிந்ததாகவும் சொல்ல முடியவில்லை. சூரிய மின் நிலையங்களுக்காக வன்னி மரங்களை வெட்டுவதை எதிர்த்து, அண்மை ஆண்டுகளில் பீகானேர்ப் பகுதி மக்கள் மீண்டும் போராட வேண்டியிருந்தது. புகையில்லாத மின்சாரம் நமக்கு வேண்டியதுதான். ஆனால் ஒரு கிராமத்தின் தழையும் காயும் நிழலும் அதற்கு விலையாகப் போகலாமா? வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது வெறும் பொட்டல். அங்கே குடியிருப்பவளுக்கு ஒவ்வொரு மரமும் கணக்கில் உண்டு.

ஆகவே மரத்தைச் சிரத்தையுடன் தையுங்கள். அடிமரத்துக்கு மரப் பழுப்பில் காம்புத் தையல், நெருக்கமாக நாலைந்து வரிசை. இலைகள் மிகவும் சிறியவை. சாம்பல் பச்சையில் ஒற்றை இழை எடுத்துப் பிரெஞ்சு முடிச்சுகள் போடுங்கள். முடிச்சுகளைக் கொத்துக் கொத்தாக, நடுநடுவே துணி தெரியும்படி விடுங்கள். மரத்தடியில் ஊதா நிறத்தில் இரண்டு மூன்று தையல் நிழல் விழட்டும். சூரியன் பின்னால் இருப்பதால் அந்த நிழல் நம் பக்கமாக நீண்டு வர வேண்டும்.

முடிந்ததும் துணியைக் கவிழ்த்து, மடித்த துவாலையின் மேல் வைத்து இஸ்திரி போடுங்கள். சுற்றிலும் ஓர் அங்குலம் விட்டு வெட்டி, ஓரத்தில் ஓட்டுத் தையல் ஓட்டிப் பின்புறமாக இழுத்து முடிந்தால், வளையமே சட்டமாகிவிடும். சுவரில் மாட்டிவிடலாம்.

வீட்டுக்கு வருகிறவர்கள் பார்ப்பார்கள். "இத்தனை பெரிய மணலில் ஒரு மரம்தானா?" என்று யாராவது நிச்சயம் கேட்பார்கள். காப்பி ஆறினாலும் பரவாயில்லை, உட்கார வைத்து அந்த மரத்தின் கதையைச் சொல்லுங்கள்.