உங்களுக்குத் தெரியுமா? டிரம்ஸ் வாசித்த பெண்கள்

ஜாஸ் மேடையானாலும், காஸ்பல் என்னும் கறுப்பின வழிபாட்டுப் பாட்டு ஒலிக்கும் தேவாலயமானாலும், பாட்டின் கடிவாளம் டிரம்ஸ் வாசிப்பவர் கையில்தான் இருக்கிறது. அந்த இருக்கையைப் பெண்களுக்குத் தர அமெரிக்க இசையுலகம் வெகுகாலம் மறுத்தது. ஆனாலும் வாசித்தே இடம்பிடித்தவர்கள் உண்டு. அவர்களையும் அவர்கள் வாசித்த இசையின் வேர்களையும் பற்றிய சில செய்திகள்:

● 1739இல் தென் கரோலினாவின் ஸ்டோனோ ஆற்றருகே அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். முரசு கொட்டி ஆள் திரட்டியபடியே நடந்தார்கள். மறு ஆண்டு வந்த சட்டம், அடிமைகள் முரசு வைத்திருப்பதையே தடை செய்தது. முரசு போயிற்று, தாளம் போகவில்லை. வட்டமாகச் சுற்றிவந்து, கைதட்டி, காலால் தரையை அதிர வைத்துப் பாடும் 'ரிங் ஷவுட்' வழிபாட்டில் அது பிழைத்துக்கொண்டது. காஸ்பல் இசையின் ஆழமான வேர்களில் அதுவும் ஒன்று.

● கேளிக்கை விடுதிக்கு உரிய கருவி என்று சொல்லி, பல திருச்சபைகள் டிரம்ஸை உள்ளே விடாத காலம் இருந்தது. 'சர்ச் ஆஃப் காட் இன் கிறைஸ்ட்' போன்ற கறுப்பினப் பெந்தெகொஸ்தே சபைகள் அப்படி ஒதுக்கவில்லை. கைத்தாளங்களை ஒலித்துத் துதிக்கச் சொல்லும் 150ஆம் சங்கீதம் அவர்களுக்குத் துணை நின்றது. இந்தச் சபைகளில் ஞாயிறுதோறும் வாசித்துக் கை பழகிய டிரம்மர்கள் ஏராளம்.

● காஸ்பல் டிரம்மருக்குக் கண்கள் போதகர் மேல் இருக்க வேண்டும். பிரசங்கம் சூடேற ஏற, ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் ஆர்கனும் டிரம்ஸும் பதில் சொல்லும். திடீரென்று வேகம் கூடி, சபையே எழுந்து ஆடும். அது எப்போது தொடங்கும், எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பது எந்தத் தாளிலும் எழுதப்பட்டிருக்காது. கேட்டு, கணித்து, அந்த நொடியிலேயே வாசிக்க வேண்டும். ஜாஸ் கலைஞருக்கும் இதே திறன்தான் தேவை.

● 1937இல் மிசிசிப்பியின் பைனி வுட்ஸ் பள்ளி, நிதி திரட்டுவதற்காக மாணவிகளைக் கொண்டு ஒரு ஜாஸ் குழுவைத் தொடங்கியது. பெயர் 'இன்டர்நேஷனல் ஸ்வீட்ஹார்ட்ஸ் ஆஃப் ரிதம்'. அதில் டிரம்ஸ் வாசித்தவர் பாலின் பிராடி. வேறு கருவி கற்க விரும்பிய சிறுமியிடம் குழுவின் தேவைக்காக டிரம்ஸ் ஒப்படைக்கப்பட்டது. 'டிரம்ஸ் ராணி' என்று விளம்பரங்கள் போற்றும் அளவுக்கு அவர் அதைத் தனதாக்கிக்கொண்டார். 1945இல் அந்தக் குழு ஐரோப்பாவுக்கே சென்று அமெரிக்கப் படைவீரர்களுக்காக வாசித்தது.

● அந்தக் குழு பின்னாளில் வெள்ளையினப் பெண்களையும் சேர்த்துக்கொண்டது. தென் மாநிலங்களின் அன்றைய நிறவெறிச் சட்டப்படி இது குற்றம். கைதாகாமல் இருக்க வெள்ளையினப் பெண்கள் முகத்தில் கறுப்புப் பூச்சு பூசிக்கொண்டு மேடையேறினார்கள். விடுதிகளில் இடம் கிடைக்காததால் எல்லாரும் பேருந்திலேயே தூங்கி எழுந்தார்கள்.

● இரண்டாம் உலகப் போருக்காக ஆண் கலைஞர்கள் படையில் சேர்ந்துகொண்டிருந்த 1942இல், 'டவுன்பீட்' என்ற ஜாஸ் இதழில் ஒரு கட்டுரை வெளிவந்தது. காலியான இடங்களைச் சுமாரான ஆண்களைக் கொண்டு நிரப்புவதை விடத் தேர்ந்த பெண்களுக்குக் கொடுங்கள் என்று வாதாடிய அதை எழுதியவர், டிரம்மர் வயோலா ஸ்மித். தோள் உயரத்தில் இரண்டு பெரிய டாம் டிரம்களைப் பொருத்தி வாசிப்பது அவருடைய தனி அடையாளம். 1912இல் பிறந்து 2020 வரை, 107 வயது வாழ்ந்தார்.

● 1961இல் நியூயார்க்கின் பேசின் ஸ்ட்ரீட் ஈஸ்ட் அரங்கில் கிளாரினெட் கலைஞர் பென்னி குட்மேனின் குழுவுக்கு டிரம்ஸ் வாசித்தவர் டாட்டி டாட்ஜியன். அவர் பெயர் அறிவிக்கப்பட்டபோது கூட்டம் எழுப்பிய ஆரவாரம் குழுத் தலைவருக்குப் பிடிக்கவில்லை, அத்தோடு வேலை போயிற்று என்று தன்வரலாற்று நூலில் அவர் சொல்லியிருக்கிறார். ஆனாலும் வாசிப்பை விடவில்லை. முதுமையிலும் கலிபோர்னியாவில் மேடையேறிக்கொண்டிருந்தார்.

● ஜாஸ் டிரம்மர் டெர்ரி லின் கேரிங்டன் 1965இல் மாசசூசெட்ஸின் மெட்ஃபோர்டில் பிறந்தார். தாத்தா மேட் கேரிங்டன் ஜாஸ் பியானோ கலைஞர் ஃபேட்ஸ் வாலரோடு வாசித்த டிரம்மர், அப்பா சாக்ஸபோன் கலைஞர். பேத்தி பிறக்கும் முன்பே தாத்தா காலமாகிவிட்டார். அவருடைய டிரம்ஸ் வீட்டில் இருந்தது. 7 வயதில் அதன் முன் உட்கார்ந்தாள் பேத்தி. பெண் பிள்ளைக்கு எதற்கு இது என்று அந்த வீட்டில் யாரும் தடுக்கவில்லை.

● கேரிங்டனுக்கு 10 வயதில் டிரம்பெட் மேதை கிளார்க் டெர்ரியோடு மேடை. 11 வயதில் பாஸ்டனின் பெர்க்லி இசைக் கல்லூரியில் முழு உதவித்தொகை. பிறகு டிரம்ஸ் ஆசிரியர் ஆலன் டாசனிடம் பாடம். டிரம்ஸ் பயிலும்போதே பாட்டின் மெட்டையும் வாய்விட்டுப் பாடச் சொல்வது டாசனின் முறை. நான்கு கைகால்களும் நான்கு வேலை செய்யும்போதும் பாட்டு மனத்தை விட்டு நழுவாது.

● 1983இல் நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்த கேரிங்டன், ஸ்டான் கெட்ஸ், வெய்ன் ஷார்ட்டர் முதலான ஜாஸ் கலைஞர்களோடு வாசித்தார். 1989இல் 'ஆர்சினியோ ஹால் ஷோ' என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியின் டிரம்மரானார். பியானோ கலைஞர் ஹெர்பி ஹான்காக்கோடு பல ஆண்டுகள் உலகம் சுற்றினார்.

● 2011இல் வெளிவந்த கேரிங்டனின் 'தி மொசைக் புராஜெக்ட்' ஆல்பத்தில் பாடியவர்களும் வாசித்தவர்களும் எல்லாரும் பெண்கள். பாப்டிஸ்ட் போதகரின் மகளும், கறுப்பினத் தேவாலயப் பாட்டைச் சமவுரிமைப் போராட்டத்தின் குரலாக்கியவருமான பெர்னிஸ் ஜான்சன் ரீகனின் பாடல் ஒன்றும் அதில் உண்டு. அந்த ஆல்பம் கிராமி விருது பெற்றது.

● ஜாஸ் மேதைகள் டியூக் எலிங்டன், சார்லஸ் மிங்கஸ், மேக்ஸ் ரோச் மூவரும் 1962இல் பதிவு செய்த 'மனி ஜங்கிள்' ஆல்பத்தைக் கேரிங்டன் 2013இல் புதிதாக்கித் தந்தார். 2014இல் அதற்குச் சிறந்த ஜாஸ் வாத்திய இசை ஆல்பத்துக்கான கிராமி கிடைத்தது. அந்தப் பிரிவில் வென்ற முதல் பெண் அவர்தான்.

● 2018இல் கேரிங்டன் பெர்க்லியில் ஜாஸ் மற்றும் பாலின நீதிக்கான நிறுவனத்தைத் தொடங்கினார். ஆணாதிக்கம் இல்லாத ஜாஸ் எப்படி ஒலிக்கும் என்பதே அதன் அடிப்படைக் கேள்வி. 2021இல் அமெரிக்காவின் உயரிய ஜாஸ் கௌரவமான 'ஜாஸ் மாஸ்டர்' பட்டம் அவருக்குக் கிடைத்தது.

● ஜாஸ் மாணவர்கள் வாசித்துப் பழகும் பாட்டுத் தொகுப்புகளில் பெண்கள் இயற்றியவை மிக அரிதாகவே இருந்தன. அந்தக் குறையைப் போக்கக் கேரிங்டன் 2022இல் ஒரு தொகுப்பு வெளியிட்டார். அதில் உள்ள 101 இசைப்படைப்புகளும் பெண்கள் இயற்றியவை. அவற்றில் சிலவற்றைப் பதிவு செய்த ஆல்பம் 2023இல் கிராமி வென்றது. திறமை பாலின் பிராடி காலத்திலும் இருந்தது. சிறு வயதில் கருவியும் பாடமும் மேடையும் கிடைத்தால் அது எவ்வளவு தூரம் போகும் என்பதற்குக் கேரிங்டன் சான்று. இனி வரும் மாணவர்கள் முதல் பாடத்திலிருந்தே பெண்களின் படைப்புகளையும் வாசித்துப் பழகலாம்.