சூல்வலிப்பு: பெயருக்கு முன்னரே தொடங்கும் நோய்

சூல் என்பது கருவைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். கருவுற்ற பெண்ணுக்கு இரத்த அழுத்தம் உயர்ந்து வலிப்பு உண்டாவதைச் சூல்வலிப்பு என்கிறோம். ஆயினும் இப்பெயர் நோயின் முற்றிய நிலையையே சுட்டுகிறது. அதற்கு முந்திய நிலையான முன்சூல்வலிப்பு, பெரும்பாலும் 20ஆம் வாரத்திற்குப் பின், வலியேதும் இன்றித் தொடங்குகிறது. இரத்த அழுத்தம் 140/90ஐ எட்டுவதும் சிறுநீரில் புரதம் வெளியேறுவதும் அதன் அடையாளங்கள். கால் வீக்கம் மட்டுமே இந்நோய்க்குச் சான்றாகாது. வீக்கம் இல்லாமையும் நலத்திற்கு உறுதியாகாது.

யாருக்கு இடர் மிகுதி? முந்திய பேற்றில் இந்நோய் கண்டவர், முன்பே இரத்தக் கொதிப்போ இனிப்பு நீரோ சிறுநீரக நோயோ உடையவர், இரட்டைக் கரு சுமப்பவர் ஆகியோர் முதல் வரிசையினர். தலைப்பேறு, 35 வயதைக் கடந்த நிலை, மிகுந்த உடற்பருமன், இரு பேறுகளுக்கிடையே பத்தாண்டுக்கு மேற்பட்ட இடைவெளி, தாய்க்கோ உடன்பிறந்தாளுக்கோ இந்நோய் வந்திருத்தல் ஆகியவை அடுத்த வரிசைக் காரணங்கள். முதல் வரிசையில் ஒன்றோ அடுத்த வரிசையில் இரண்டோ இருந்தால், மருத்துவர் குறைந்த அளவு ஆஸ்பிரின் தரக்கூடும். அதனை 12ஆம் வாரத்திற்குப் பின், 16ஆம் வாரத்திற்குள் தொடங்குதல் சிறப்பு. எனவே பதிவைத் தள்ளிப்போடுதல் இவ்வாய்ப்பை இழப்பதாகும்.

நம் நாட்டு அரசு மருந்தகங்களில் தாயின் பதிவேட்டில் இடரின் அளவுக்கேற்ப வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு நிறக் குறிகள் இடப்படுகின்றன. சிவப்பு என்றால் உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். சபாக் வட்டாரத் தோட்டங்களில் வாழ்வோர் அந்நிறத்தின் பொருளையும், தெங்கு அம்புவான் ஜெமாஆ மருத்துவமனைக்கு இரவில் செல்லும் வழியையும் முன்கூட்டியே அறிந்திருத்தல் நன்று. கடுந்தலைவலி, பார்வை மங்கல், மேல்வயிற்று வலி, மூச்சுத்திணறல் ஆகியவற்றுள் எது தோன்றினும் விடியும்வரை காத்திருத்தல் கூடாது. பிள்ளை பிறந்த பின்னரும் சில வாரங்கள் இவ்விடர் நீடிக்கும். பத்தியக் காலத் தலைவலியைத் தைலம் தடவி ஆற்றிவிடலாகாது.

தாதி கேட்கும் கேள்விகளுள் கடினமானது குடும்ப வரலாறு பற்றியதே. பழைய பேற்றுத் துன்பத்தைப் பேசுதல் நல்லதன்று எனச் சில வீடுகளில் மறைக்கின்றனர். மறைக்கப்பட்ட செய்தியைப் பதிவேடு காட்டாது. ஆகவே மாணவர்களாகிய நாம் நம் அன்னையரிடமும் பாட்டியரிடமும் இதனைக் கேட்டறிவோம். ஆசிரியர்களாகிய நாம் அவ்வாறு கேட்க மாணவர்க்குத் துணிவூட்டுவோம்.