தேரூர்: குளமும் கவிஞரும்

நீங்கள் நிற்பது தேரூர்க் குளக்கரை. எதிரே தாமரை, கரைக்கு அப்பால் குளத்து நீரில் விளையும் நெல்வயல்கள். பனிக்காலத்தில் வடக்கிலிருந்து வலசை வரும் பறவைகள் இந்த ஆழமற்ற நீரில் இரை தேடும். சுசீந்திரம்–தேரூர் ஈரநிலம் 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது.

கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை 1876இல் பிறந்த ஊர் இது. அக்காலத்தில் இப்பகுதியான நாஞ்சில் நாட்டின் வேளாளரிடையே தாய்மாமன் சொத்தில் பெரும்பகுதி அவருடைய சகோதரியின் பிள்ளைகளான மருமக்களுக்கே போகும். பெற்ற பிள்ளைகளுக்குச் சிறு பங்கே கிடைக்கும். குடும்பத் தலைவரான ஒரு காரணவரின் ஐந்தாம் மனைவி தன் துயரத்தைச் சொல்வதாக 'மருமக்கள்வழி மான்மியம்' எழுதி, அவ்வழக்கத்தைக் கவிமணி நையாண்டி செய்தார். 1926இல் திருவிதாங்கூர் அரசின் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வாரிசுரிமையை மாற்றியது.

பறவைகளுக்குத் தீனி போடாதீர்கள். குளத்தில் குப்பை கொட்டாதீர்கள்.