மட்டியின் மரபுச் சான்று

வெளுத்ததெல்லாம் பால் எனக் கொள்ளும் மயக்கம் பாமரருக்கே உரியதன்று; உயிரியல் அறிஞரையும் அது நெடுங்காலம் ஆட்கொண்டதுண்டு. அமெரிக்காவின் கலிபோர்ணியாக் கரையோரத்தில் வாழும் கருநீல மட்டிகளின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

இம்மட்டிகள் யாவும் மைற்றிலசு எடூலிசு என்னும் ஓரினமே என முன்னையோர் கருதினர். ஓட்டின் வடிவம் வாழும் சூழலுக்கேற்ப வேறுபடும். ஆதலின் ஓட்டைக்கொண்டு இனத்தைத் துணிதல் அரிது. 1988 ஆம் ஆண்டில் நொதியங்களின் வேறுபாட்டை ஆராய்ந்தோர், இப்பெயரின்கீழ் அடங்கியவை ஈரினம் எனவும், அவற்றுள் எதுவும் எடூலிசு அன்று எனவும் காட்டினர். வடக்கே குளிர்நீரில் வாழ்வது சுதேச இனமாகிய துரொசுலசு. தெற்கே மலிந்திருப்பது மத்தியதரைக் கடலுக்குரிய கலோபுரொவின்சியாலிசு.

இவற்றைப் பிரித்தறியும் முறை யாது? மட்டி தன்னைப் பாறையோடு பிணைக்கும் நார்களுக்கு வேண்டிய ஒட்டுப்புரதத்தைத் தோற்றுவிக்கும் பரம்பரை அலகின் ஒரு கூறு, மூவினத்திலும் நீளத்தால் வேறுபடுகின்றது. அக்கூற்றைப் பன்மடங்காகப் பெருக்கி, கடற்சாதாழையிலிருந்து பெற்ற கூழ்த்தகட்டில் மின்னோட்டத்தால் ஓடவிட்டால், குறுகிய துண்டு முந்திச் செல்லும், நீண்டது பின்தங்கும். 1995 இல் சப்பானிய அறிஞர் இனூவே முதலியோர் வெளியிட்ட முறையின்படி, கலோபுரொவின்சியாலிசின் துண்டு 126 மூலச்சோடிகளும், துரொசுலசினது 168 உம், எடூலிசினது 180 உம் உடையன. இருவேறு கீற்றுக்கள் ஒருங்கே தோன்றின் அது கலப்புப் பிறவியாகும். எனினும் கலப்புப் பிறவி தூய இனத்தோடு மீண்டும் கலக்குமாயின், அதன் வழித்தோன்றல் ஒரே கீற்றைக் காட்டி மயக்கவுங் கூடும். ஆகவே ஒரு சான்றோடு அமையாது பல அலகுகளை ஒப்புநோக்குதல் வேண்டும்.

தெற்கே முன்னர் வாழ்ந்தது எது? 1999 இல் யோனதன் கெல்லர் என்பார், நூதனசாலைகளிற் பேணப்பட்ட பழைய மட்டிகளின் உலர்ந்த தசையிலிருந்து இழைமணி டி.என்.ஏ.யைப் பிரித்தெடுத்து ஆராய்ந்த முடிவுகளை வெளியிட்டார். அங்கும் முன்பு வாழ்ந்தது துரொசுலசே எனப் புலனாயிற்று. கப்பல்வழி வந்ததெனக் கருதப்படும் அந்நிய இனம், இருபதாம் நூற்றாண்டில் அதன் இடத்தைக் கைக்கொண்டது. உருவம் ஒத்திருந்தமையால் இழப்பை எவரும் உணர்ந்திலர். பாறைகள் முன்போலவே கருநீலமாய்த் தோன்றின.

இனத்தின் பெயர் பிழைபடின் அதன் அழிவும் கணக்கில் வாராது. இடமும் நாளுங் குறித்து அம்மட்டிகளைச் சேமித்து வைத்தோர் டி.என்.ஏ. என்னும் பெயரையும் அறியார். ஆயினும் அவர்தம் கவனமே பிற்காலத்தில் உண்மைக்குச் சாட்சியாயிற்று. விஞ்ஞானம் பயிலும் மாணவர் இதனை நினைவிற் கொள்வாராக.